கடலுக்குப் போகும் கத்திக்கு மெழுகு

குளச்சலில் பள்ளி வேலை கிடைத்ததும், கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு மாடிவீட்டில் வாடகைக்குக் குடியேறினேன். நான் வயல்காட்டு ஊர்க்காரி. எங்கள் வீட்டில் அரிவாள் தொழுவத்து மூலையில் கிடக்கும். அடுத்த பூ அறுப்புக்கு எடுத்து இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் போதும். இங்கே வந்த மூன்றாம் மாதமே சன்னல் கொண்டி துருவேறி என் கையோடு வந்துவிட்டது.

கீழ்வீட்டில் இருந்தவர்கள்தான் வீட்டு உரிமையாளர்கள். வீட்டுக்காரிக்கு என் வயது. முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். அவள் கணவர் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர். போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

ஒருமுறை அவர் கணுக்காலில் கட்டோடு வந்து இறங்கினார். வலை விடும்போது கயிறு காலைச் சுற்றி இழுத்திருக்கிறது. இடுப்பிலிருந்த மடக்குக் கத்தியை எடுத்தால், அது திறக்கவில்லை. உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு மடங்கும் இடத்தில் துரு இறுகிப்போயிருந்தது. பக்கத்தில் நின்றவர் வெட்டுக்கத்தியால் கயிற்றை ஒரே போடாகப் போட்டதால் பிழைத்தார். அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

“ஸ்டீல் கத்தி ஒண்ணு வாங்கிருங்களேன்” என்றேன்.

“அது துரு பிடிக்காது டீச்சரே. ஆனா நாலு கயிறு அறுத்தா மழுங்கிரும். இது இரும்பு. கல்லுல ரெண்டு இழுப்பு இழுத்தாப் போதும், முடிகூட அறுக்கும்” என்றார் அவர்.

“அப்ப இதையே துரு பிடிக்காம ஆக்கணும்” என்றாள் அவள். கத்தியை வாங்கித் தையல் மெஷின் மேல் வைத்தாள்.

கால் ஆறும்வரை அவர் வீட்டிலிருந்தது மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அவள் செய்ததைப் பார்த்துத்தான் நான் அசந்துபோனேன். பட்டறையிலிருந்து, இரும்பு அறுத்து உடைந்த ஆக்சா பிளேடுகளை வாங்கிவந்து, பெயிண்ட் போகத் தேய்த்து, ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பூசினாள். ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் வாசலின், ஒன்றில் கிரீஸ், ஒன்றில் மெழுகுவர்த்தி, ஒன்றில் நகச்சாயம், கடைசியில் தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து உருக்கியது. தேன்மெழுகு மார்த்தாண்டத்திலிருந்து நான் வாங்கிவந்தது. எல்லாவற்றையும் மொட்டைமாடிக் கொடியில் நூலால் கட்டித் தொங்கவிட்டாள். தினமும் காலையில் உப்புத் தண்ணீர் தெளித்தாள்.

ஏழாவதாக ஒரு பிளேடு ஒன்றும் பூசாமல் தொங்கியது. மறந்துவிட்டாளோ என்று கேட்டேன்.

“மறக்கல்ல டீச்சரே. சும்மா ஒண்ணு வேணும்லா? அப்பத்தானே மத்ததால என்ன லாபம்னு தெரியும்?”

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றைச் சும்மா விட வேண்டும் என்பதை அறிவியல் வகுப்பில் பிள்ளைகள் தலையில் ஏற்ற நான் வருடந்தோறும் படாத பாடு படுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் பிளேடைக் கட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

நகச்சாயம்தான் ஜெயிக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். ஒரு வாரம் பளபளவென்றுதான் இருந்தது. “கத்தின்னா கீறல் படுமே” என்று சொல்லி அவள் எல்லாவற்றிலும் ஊசியால் ஒரு கோடு இழுத்தாள். நகச்சாயத்தின் அடியில் துரு அந்தக் கோட்டிலிருந்து பரவிப் படலத்தையே தூக்கிவிட்டது. மெழுகுவர்த்தி வெடித்து உதிர்ந்தது. தேங்காய் எண்ணெய் மூன்றே நாளில் வழிந்து போயிற்று. கிரீஸ் நன்றாகத் தாங்கியது. ஆனால் அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஏட்டி, இதே கத்தியாலதான் படகுல மீனும் நறுக்கணும். பிடியில பட்டா வழுக்கவும் செய்யும்” என்றார். வாசலினில் காற்றோடு வந்த மணல் அப்பியிருந்தது. சும்மா விட்டது முழுக்கச் சிவந்திருந்தது. தேன்மெழுகு போட்டதில் கோட்டின் மேல் மட்டும் இரண்டு துருப்புள்ளி.

கத்தியில் முதலில் பூசியபோது தப்பாகிவிட்டது. மெழுகு தடிமனாக உறைந்து கத்தி மடங்கவே இல்லை. அவள் எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, இஸ்திரிப்பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, அதன் தட்டின் மேல் கத்தியின் அலகைக் கிடத்தினாள். கை பொறுக்கிற சூடு ஏறியதும் மெழுகை ஒரு இழுப்பு இழுத்து, துணியால் துடைத்தாள். மெழுகு இருப்பதே தெரியாத அளவுக்குத் துடைத்தாள். மடங்கும் இடத்தில் மெழுகு போடாமல் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பத்துத் தடவை திறந்து மூடினாள்.

அவர் கிளம்பும் அன்று பழைய பவுடர் டப்பாவில் மெழுகுக் கட்டியைப் போட்டுக் கொடுத்தாள்.

“நல்ல தண்ணில கழுவி, தொடச்சு, இஞ்சின் பக்கத்துல வச்சு சூடாக்கிப் பூசணும். வாரத்துக்கு ஒருக்கா. செய்வியளா?”

“செய்யுதேன், செய்யுதேன்” என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை.

முப்பத்தைந்து நாள் கழித்து வந்தார். அவள் சோறு போடுவதற்கு முன்னால் கையை நீட்டினாள். கத்தியைக் கொடுத்தார். கட்டைவிரலால் ஒரு தள்ளு, திறந்துகொண்டது. அலகு கறுத்திருந்தது, ஆனால் சிவப்பு இல்லை. பிடியோரம் கடுகளவு ஒரு புள்ளி இருந்ததை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“ஒரு வாரம் விட்டுட்டியளா?”

“மெழுகு தீந்துபோச்சு. படகுல எல்லாவனும் அவனவனுக்க பிச்சாத்திக் கத்தியக் கொண்டுவந்து நீட்டுதான். என்ன செய்ய?”

அவள் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். ஆனாலும் ஒரு வார்த்தை பெருமையாகப் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு மாதாகோயில் பூசை முடிந்து அந்தப் படகுக்காரர்களின் மனைவிமார் ஆறேழு பேர் கத்தியோடு வந்துவிட்டார்கள். துணி வெட்டும் பலகையில் கத்திகளை வரிசையாகப் பரப்பினாள். யாருக்கும் அவளே பூசிக் கொடுக்கவில்லை. அவரவர் கையாலேயே சூடாக்கி, பூசி, துடைக்க வைத்தாள். “இன்னும் தொடைங்க, மெழுகு கண்ணுல தெரியப்பிடாது” என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிக்கொண்டே போனாள். அடுக்களையில் மெழுகு உருக்கும் வேலையை எனக்குத் தந்திருந்தாள். அடுப்பைச் சிறிதாக வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தேன். தீ கூடிவிட்டதென்று நடுவில் வந்து ஒருமுறை திட்டிவிட்டும் போனாள்.