கால் மாற்றாத ஏகாதசி

"பெஞ்சில உக்காந்து படிச்ச காலாச்சே டீச்சர். மூணு மணி நேரம் மடங்கி இருக்குமோ?" என்று மாமி கேட்டார். கவலையோடுதான் கேட்டார். என் காதில் மட்டும் அது கேலியாக விழுந்தது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் போகும் வழியில் இருந்த ஒரு சிறிய பஜனை மடத்தில், ஏகாதசிதோறும் காலையில் பெண்கள் கூடி நாம ஜபம் செய்வார்கள். அதை நடத்தி வந்தவர் அந்த மாமி. "இருக்கும்" என்றேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பெண்கள் பள்ளியொன்றில் ஆசிரியையாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் கூச்சம் கிடையாது. அப்பா உறையூரில் கைத்தறி நெசவாளி. நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குப் படிப்பு? வீட்ல இருந்து தார் சுத்தட்டும்" என்று உறவுக்காரர்கள் சொன்னபோது, "தார் சுத்த நான் இருக்கேன்" என்று அப்பா சொன்னார். சொன்னபடியே பகலெல்லாம் நெய்துவிட்டு, பெண்கள் செய்கிற அந்த நூல் சுற்றும் வேலையையும் அவரே செய்தார்.

பள்ளிக்குப் பக்கத்திலேயே, ஸ்ரீரங்கத்தில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தேன். பள்ளி விட்டு வந்தால் மறுநாள் காலை வரை பேச ஆள் கிடையாது. தெருவில் எதிர்ப்படுகிற பெண்கள் "என்ன டீச்சர்" என்பார்கள். நான் பதில் சொல்வதற்குள் நாலடி தள்ளிப் போயிருப்பார்கள். பள்ளியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஜபத்துக்குப் போனதில் பக்தி பாதி என்றால், வரிசையில் எனக்கென்று ஒரு இடம் வேண்டும் என்பது மீதிப் பாதி. கடைசி வரிசையில், வாசல் கதவை ஒட்டி அந்த இடம் கிடைத்தது.

மடத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. விளக்கேற்றி உட்கார்ந்தால் கற்பூரம் காட்டும் வரை காலைப் பிரிக்கவோ மாற்றவோ கூடாது. மாற்றினால் அதுவரை சொன்னதை விட்டுவிட்டு, துளசி மாலையை முதல் மணியிலிருந்து மறுபடியும் உருட்ட வேண்டும். சாப்பாட்டுக்குச் சம்மணம் போடுவது வேறு, இது வேறு என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. அரை மணி நேரத்தில் கணுக்கால் எலும்பு கருங்கல் தரையில் ஆணி போல இறங்கியது. பிறகு பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. பிறகு எறும்பும் இல்லை, பாதமும் இல்லை. இடுப்புக்குக் கீழே யாருடைய காலையோ மடித்து வைத்திருப்பது போல இருந்தது. வாய் ரங்கா ரங்கா என்றது. மனம் முழுக்க முழங்காலில் இருந்தது. முதல் ஏகாதசியில் மூன்று முறை கால் மாற்றினேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தாள்.

அதன் பிறகு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு சம்மணமிட்டபடியே பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தினேன், வேர்க்கடலை உரித்தேன், அழவும் செய்தேன். நான்காவது ஏகாதசியில் மூன்று மணி நேரமும் கால் மாற்றவில்லை. "பலே டீச்சர்!" என்று மாமி எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அன்று நான் நொண்டிக்கொண்டே அறைக்குப் போனேன். ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

அதற்கு அடுத்த ஏகாதசியன்றுதான் அப்பா வந்தார்.

ஜபம் பாதி ஆகியிருக்கும். வாசலில் ஒரு இருமல் கேட்டது. தறிப் பஞ்சு தொண்டையில் தங்கிய இருமல். ஆயிரம் பேர் இருமினாலும் எனக்கு அது தெரியும். வாசலில் பூ விற்கிற அம்மாள், "யாரு வேணுங்க?" என்றாள்.

"டீச்சரம்மா எங்க பொண்ணுங்க."

"அட, அப்ப உள்ள போய் உக்காருங்களேன்."

"நமக்குக் கால் மடங்காதுங்க. குழித்தறியில காலைத் தொங்கப் போட்டே பழகிப்போச்சு."

"அதுக்காகப் பெருமாளுக்கு முன்னாடி காலை நீட்டிக்கிட்டா உக்காருவீங்க?"

"பெருமாளே காலை நீட்டிப் படுத்துக்கிட்டுத்தானே இருக்காரு, என்னை மட்டும் கோவிச்சுக்குவாரா?"

பூக்காரம்மாள் சிரித்துவிட்டாள். என் வரிசையில் இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு முகம் கொதித்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை. எழுந்து போயிருந்தால் மாலையைத் திரும்ப உருட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் எழவில்லை. கற்பூரம் காட்டி முடிந்து, மரத்துப்போன கால்களைத் தேய்த்து நான் வாசலுக்கு வந்தபோது அப்பா இல்லை. "மணியாச்சுன்னு போயிட்டாரு. சும்மாதான் வந்தேன்னு சொல்லச் சொன்னாரு" என்றாள் பூக்காரம்மாள்.

அவர் சும்மா வரவில்லை. பக்கத்து வீட்டு அத்தை இரண்டு வாரம் கழித்து ஆள் அனுப்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தறி மிதிக்கிற வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் ஆறாமல் இருந்திருக்கிறது. அதில் துணியைச் சுற்றிக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி நடந்தே வந்திருக்கிறார், என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக. டாக்டர் சொல்வதைக் கேட்டுச் சொல்ல, சீட்டைப் படிக்க, படித்த மகள் வேண்டும் என்று காத்திருந்திருக்கிறார். அன்று பகலில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கும் நேரம் முடிந்துவிடும் என்று வீடு திரும்பியவர், அதன் பிறகு போகவே இல்லை. நான் கூட்டிக்கொண்டு போனபோது, "சர்க்கரை வியாதி, முன்னாடியே வந்திருக்கணும்" என்றார்கள். பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

தறியில் வேறொருவர் உட்கார்ந்தார். அப்பா கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்தார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "பாப்பா ஜபத்துல உக்காந்திருந்துச்சு பாருங்க, சிலை மாதிரி. நான் கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது" என்று பெருமையாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அத்தைதான் சோறு கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். நான் மாதா மாதம் வருவேன், சமைத்து வைப்பேன், மாலையில் பாலம் தாண்டி அறைக்குத் திரும்புவேன். ஜபத்துக்கு மறுபடி போகவில்லை. இரண்டு வருடம் இப்படியே போயிற்று. நான் தனியாக இருந்தது அந்த அறையில் மட்டுமல்ல. அப்பாவின் எதிரில் சாப்பிடும்போதும்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நீங்க வந்தது எனக்குத் தெரியும்பா. இருமினது, பேசினது எல்லாம் கேட்டுச்சு. நான்தான் திரும்பல."

அப்பா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "தெரியும் பாப்பா" என்றார். "நான் இருமினதும் உன் விரல் மாலையில நின்னுபோச்சு. முப்பது வருசமா அறுந்த இழையைத் தேடின கண்ணு. அது தெரியாமப் போகுமா?"

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் சிலை மாதிரின்னு சொன்னீங்க?"

"பின்ன, வேற என்னன்னு சொல்லச் சொல்றே?"

அப்பா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போட்டுக்கொண்டார். என்னால்தான் அங்கே உட்கார முடியவில்லை. கொல்லைப்புறம் போய், கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

ஸ்ரீரங்கத்து அறையை நேற்றுக் காலி செய்துவிட்டேன். இந்த உறையூர் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போக ஆறு மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கிறது. இன்று காலை கிளம்புமுன், புது டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அப்பாவுக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன்.