தண்ணீர் இறங்கிய சத்தம்

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. எனக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. ஒருநாள் காலையில் அவள் கழுத்து இடதுபக்கம் புடைத்திருந்தது, உடம்பு கொதித்தது. "பொன்னுக்கு வீங்கிதான்" என்றாள் என் சம்சாரம். அதற்குத் தங்கச் சங்கிலி போட்டால் வற்றிவிடும் என்பது எங்கள் வழக்கம். எங்களிடம் ஏது தங்கம்? பக்கத்து வீட்டு பாய் சம்சாரம் தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அதைக் குழந்தைக்குப் போட்டு, முருகன் விபூதியைப் பூசிவிட்டு நான் நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

மறுநாள் மத்தியானம் கஞ்சிக்கு வந்தவன் மகளைக் கூப்பிட்டேன். தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினாள்.

"இன்னாடி, மகாராணி மாதிரி திரும்புறே?"

அவள் சிரிக்கவில்லை. வாயில் சுடுகஞ்சியை வைத்துக்கொண்டு பேசுகிறவள் போல ஏதோ சொன்னாள். பாவாடை சட்டை முன்புறம் தெப்பமாக நனைந்திருந்தது.

எட்டிப் பார்த்த பாய் சம்சாரம், "இன்னாக்கா, இவ்ளோ பெரிய புள்ளைக்கு ஜொள்ளா? தண்ணி குடிச்சாளா?" என்றாள்.

"நேத்துலேர்ந்து வேணாங்கறா" என்றாள் என் சம்சாரம்.

சங்கிலி சதைக்குள் பதிந்து கிடந்தது. கழற்றப் போன என் கையை என் சம்சாரம் தட்டிவிட்டாள். "கழட்டினா வீக்கம் ஜாஸ்தியாய்டும்!"

"என்னுதுதானே, நானே கழட்டுறேன். அண்ணா, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க" என்றாள் பாய் சம்சாரம். கழற்றிய சங்கிலியை, செலவுக்கு ஆகும் என்று என் கையிலேயே திணித்தாள்.

ரயிலில் மடியில் படுக்க வைத்தோம், மூச்சு இழுத்தது. நிமிர்த்தி உட்கார வைத்தால் கொஞ்சம் தணிந்தது. காட்பாடி வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு, "முருகா, முருகா" என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் வரவில்லை. அங்கிருந்து ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. புத்தகத் தமிழ் பேசினார்கள். ஊறின தோலை நாங்கள் அமுக்கிப் பார்ப்போமே, அப்படி மெதுவாகக் கழுத்தை விரலால் தொட்டார்கள். பிறகு வாய்க்குள் விளக்கைக் காட்டிப் பார்த்தார்கள்.

"தகப்பனாரே, இது பொன்னுக்கு வீங்கி அன்று. அது காதடியில், கன்னத்தில் வரும். இங்கே தொண்டைக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கிறது. கழுத்து திரும்பாமல், உமிழ்நீர் விழுங்காமல், மூச்சு இரைத்தால் ஒரு நாழிகையும் காத்திருக்கக் கூடாது."

குழந்தையைத் துப்பட்டியில் சுற்றி, சீழ் மூச்சுக்குழலில் இறங்காதபடி தலையைத் தாழ்த்திப் பிடித்தார்கள். டாக்டரம்மா கண்ணை மூடி ஒரு கணம் உதடு அசைத்தார்கள். அவர்கள் சாமியை அவர்கள் கூப்பிட்டார்கள். என் சாமியை நான் கூப்பிட்டேன். சின்னக் கத்தி உள்ளே போனது. கிண்ணம் நிறையச் சீழ். கூடவே குழந்தையின் அலறல். முழுத் தொண்டையில், தெளிவான அலறல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு விரல் அகலத்துக்குள்ளேயா எமனும் ஆண்டவனும் இருக்கிறார்கள்!

மறுநாள் காலை அவள் டம்ளரைக் கேட்டு வாங்கினாள். மடக்கென்று தண்ணீர் இறங்கிய சத்தம் கேட்டது. எத்தனையோ கோயில் மணி கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்துக்குத்தான் என்னை அறியாமல் கை கூப்பினேன்.

சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தபோது பாய் சம்சாரம் அதைக் குழந்தை கழுத்திலேயே போட்டு அழகு பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள். எங்கள் தெருவில் இன்றைக்கும் கழுத்து வீங்கின பிள்ளைக்குச் சங்கிலி போடுகிறோம். ஆனால் முதலில் நிமிர்த்தி உட்கார வைத்து, வாயோரம் எச்சில் வழிகிறதா, கழுத்து திரும்புகிறதா என்று பார்க்கிறோம்.