மீட்டர்காரர் முட்டி போட்டார்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ஓடியிருக்கும் யூனிட்டைக் குறித்துக்கொண்டு வருவதுதான் ரிட்டயராகும் வரை அவர் வேலை. அதனால் அவர் எல்லோருக்கும் மீட்டர்காரர். அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளின் உள்பக்கம் அவருக்கு அத்துப்படி. மாலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அன்று பார்த்த வீடுகளைப் பற்றி மனைவியிடம் அளப்பார். அதில் முக்கால்வாசி தரையைப் பற்றித்தான். ஒரு வக்கீல் வீட்டுத் தரையில் முகம் பார்த்தே தலை சீவிக்கொள்ளலாம் என்பார். நம்ம வீட்டிலும் அதே டைல்ஸ்தான் என்று முடிப்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார்.

மறுநாள் மனைவி ஒரு பழைய சாக்கை மடித்து முட்டிக்குக் கீழே போட்டுக்கொண்டு, டைல்ஸ் இடுக்குகளைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த முட்டி இரண்டும் கடைசியில் தேய்ந்தே போயின. வீட்டில் குனிந்து நிமிர்கிற வேலை அதிகமா என்று டாக்டர் அவளைக் கேட்டபோது, மீட்டர்காரர் முந்திக்கொண்டு, எல்லாம் வயசுதான் டாக்டர் என்றார். முட்டி ஆபரேஷன் முடிந்ததும் மகள் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மனைவி திரும்பி வருவதற்குள் தரையைப் பளிச்சென்று ஆக்கி அசத்திவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. தரை தேய்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்புதான். டைல்ஸ் விற்கும் கடைக்குப் போய், இடுக்கு அழுக்கு போக என்ன இருக்கிறது என்று கேட்டார். கடையை நடத்தும் அம்மாள் பதிலுக்கு, கடைசியாக எப்போது சீலர் அடித்தீர்கள் என்று கேட்டார். மீட்டர்காரர் முழித்தார்.

அந்த அம்மாள் பொறுமையாக விளக்கினார். டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் சிமெண்டுப் பூச்சு பஞ்சு மாதிரி, அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மேலே சீலர் அடித்துவிட்டால் எதுவும் உள்ளே இறங்காது, ஈரத்துணி போதும்.

"அப்பப்போ அடிச்சுட்டு வந்தா முட்டி போட்டுத் தேய்க்கிற வேலையே கிடையாதுங்க. டைல்ஸ் போட்ட மேஸ்திரி சொல்லலையா?"

"இல்லம்மா," என்றார் மீட்டர்காரர்.

பொய். சாமான்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர் கடை வாசலிலேயே நின்றுவிட்டார். மேஸ்திரி சொல்லியிருந்தார். வீடு கட்டி முடிகிற சமயம், பூச்சு காய்ந்ததும் சீலர் அடித்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். மனைவி ஆட்களுக்கு டீ கொண்டுவந்து நின்றிருந்தாள். மீட்டர்காரர் அவளைக் கை காட்டி, "அதெல்லாம் எதுக்கு மேஸ்திரி? தேய்க்கத்தான் ஆளைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேனே" என்றார். ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்று முழுக்க அவருக்குத் தன் வாய்ச்சாலகத்தில் ஒரே பெருமை.

வீட்டுக்கு வந்து அதே சாக்கை மடித்துப் போட்டு முட்டி போட்டார். இரண்டு வரிசை தேய்ப்பதற்குள் முட்டி விண்விண் என்று தெறித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பீரோவை நகர்த்தினார். பீரோவுக்கு அடியில், யாரும் தொடாத இடத்தில், பூச்சு டைல்ஸோடு சமமாக இருந்தது. அவர் நாற்காலியைச் சுற்றி மட்டும் பூச்சு குழிந்து வாய்க்கால் மாதிரி கிடந்தது. விரலை வைத்தால் நகக்கண் அளவுக்கு உள்ளே இறங்கியது. தேய்த்துத் தேய்த்து அவள் சிமெண்டையே கரைத்திருக்கிறாள். செருப்புக் காலோடு தான் உட்கார்ந்து பேசிய இடம் அது. அவருக்குக் காது மடல் சூடானது. வீட்டில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார்.

அப்புறம் அவசரப்படவில்லை. கடைக்கார அம்மாள் சொன்னபடி தேய்த்துக் கழுவினார். குழிந்த இடங்களில் புதிதாகப் பூச்சு வைத்து நிரப்பினார். நன்றாகக் காயும் வரை ஈரப் பூச்சை மிதித்துவிடாமல் சமையலறை வாசலிலேயே படுத்து எழுந்தார். பிறகு சின்ன பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகச் சீலர் தடவி, டைல்ஸ் மேல் வழிந்ததை உடனுக்குடன் துணியால் ஒற்றி எடுத்தார். நடையில் ஓர் ஓரம் துடைக்க மறந்து, அங்கே மட்டும் மங்கலாகப் படலம் படிந்துவிட்டது.

மனைவி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். மகளுக்கு வாயெல்லாம் பல். அப்பா தனி ஆளாகச் செய்ததாக்கும் என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிவிட்டு, சித்திக்கும் போன் போட்டாள். மீட்டர்காரர் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அப்பாவுக்குக் கூச்சம் பாருங்கள் என்று மகள் சிரித்தாள்.

மகள் கிளம்பிப் போன பிறகு, மனைவி தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீட்டர்காரர் எதிரில் நின்றார்.

"அன்னிக்கு மேஸ்திரி கேட்டப்போ நான் ஒண்ணு சொன்னேன்..."

"ஞாபகம் இருக்கு," என்றாள்.

அவள் வாக்கரின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க சொன்னதுகூடப் பரவாயில்லைங்க. எல்லாரும் சிரிச்சாங்கன்னு நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன் பாருங்க. இடுக்கைத் தேய்க்கிறப்பல்லாம் அதுதான் ஞாபகத்துக்கு வரும்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர், அதைக் கேட்டதும் அப்படியே நின்றார். அவள் டீ கேட்டாள். போட்டுக் கொடுத்தார்.

இப்போது வீட்டைத் துடைப்பது அவர்தான். வருகிறவர்கள் தரையைப் பார்த்து, இந்த வயசில் இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்கிறார்கள். மனைவி மறுத்துப் பேசுவதில்லை, ஆமாம் என்றும் சொல்வதில்லை. மீட்டர்காரர் குனிந்த தலை நிமிராமல் துணியைப் பிழிகிறார்.