வாயில் குஞ்சு வைத்த மீன்

சூரியநெல்லிக்குக் கீழே தேயிலை எஸ்டேட் ஏரி ஒன்று இருக்கிறது. ஏரி என்றால் அதற்கே கூச்சமாக இருக்கும். இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் துணி துவைப்பவள் திரும்பிப் பார்ப்பாள். அதில் வலை வீச பஞ்சாயத்து அனுமதி கொடுத்திருப்பது சிசிலிக்கு மட்டும்தான். புருஷன் இறந்ததும் கொழுந்து கிள்ளுவதை விட்டுவிட்டு, அவருடைய வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டவள். ஆம்பிளைகள் சிரித்தார்கள். முதல் மாதமே ஆறு கிலோ கட்லா மீன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு லயத்து வீடுகள் வழியே நடந்தாள். சிரித்தவர்கள்தான் சட்டியோடு முதலில் வந்து நின்றார்கள்.

வருடாவருடம் மழைக்கு மீன்வளத் துறை கட்லாக் குஞ்சுகளைக் கொண்டுவந்து ஏரியில் விடும். அவை வளர, அடுத்த வருடம் சிசிலி பிடிப்பாள். மூன்று வருடமாக அந்தக் கணக்கு எங்கோ இடறிவிட்டது. வலை கனக்கிறது, இழுத்தால் உள்ளங்கை நீளத்துக்கு ஜிலேபி மீன், முள்ளும் தோலுமாக. கட்லா ஒன்றுகூட இல்லை. சிசிலிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நீர்நாயைச் சந்தேகப்பட்டாள். ராத்திரியில் திருடுகிறான் என்று ஜீப் ஓட்டும் வேல்முருகனைச் சந்தேகப்பட்டு வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டாள்.

மீன்வளத் துறையிலிருந்து சோனா வந்தாள். பக்கத்து எஸ்டேட்டில் பிறந்த பெண்தான்.

"அக்கா, கட்லா வளரலன்னா இனி குஞ்சு விட மாட்டாங்க. பஞ்சாயத்து ஏரியைப் பெடல் படகு விடுறவனுக்குக் குடுத்துரும். எங்க, வலையைப் போடுங்க, பாப்போம்."

சிசிலி வீசினாள். வந்த மீன்களில் தாடை உப்பியிருந்த ஒன்றை எடுத்து, வாயை லேசாகப் பிளந்து பார்த்து, தண்ணீரில் விட்டாள். அடுத்ததையும் அப்படியே விட்டாள்.

"அத ஏங்க்கா விடுறீங்க?"

"வாயில பிள்ளை வச்சிருக்கு மேடம். மாதாவுக்கு நேந்துக்கிட்ட நேர்ச்சை."

ஏழு வருடத்துக்கு முன்னால் மகள் நிமி பிரசவத்துக்குப் போய் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மண்டியிட்டு சிசிலி மாதாவிடம் பேசினாள்: "எம் மகளையும் அவ பிள்ளையையும் உசுரோட குடு தாயே. வாயில குஞ்சோட வர்ற எந்தத் தாயையும் இனி நான் கரையேத்த மாட்டேன்." மகள் பிழைத்தாள். பேத்தி இப்போது இரண்டாம் வகுப்பு. சிசிலி ஒரு மீனில்கூட வாக்குத் தவறவில்லை.

சோனா பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஜிலேபிதான்க்கா குஞ்சுகள வாயில வச்சுக் காக்கும்; ஏதாச்சும் பயம்னா அதுக திரும்ப வாய்க்குள்ளயே ஓடிரும். கட்லா வைக்காது. அதனால கட்லாவ முழுசாப் பிடிச்சிட்டு, ஜிலேபித் தாயையெல்லாம் திரும்பத் திரும்ப விட்டிருக்கீங்க. அதுக பெருகிப்போயி இரையையும் முடிச்சு, நாங்க விடுற குஞ்சையும் முழுங்குது. மழைக்கு முன்னாடி அதுகள வாரி எடுங்க. தாய் மீனத்தான் முதல்ல."

நல்லது செய்ததாக நினைத்து ஏரியைக் கெடுத்தது தானேதான் என்பதை சிசிலியால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மாதாவுக்கு இது தெரியாதா? தெரிந்திருந்தால் ஏன் வாங்கிக்கொண்டாள்? ஃபாதரிடம் கேட்டாள். நேர்ச்சையை மாற்றலாம் என்றார்; மீனுக்கும் அது பொருந்துமா என்று கேட்டதும் தாடியைச் சொறிந்து, யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டார். மூன்று வாரமாக யோசிக்கிறார். நிமிக்கு ஃபோன் போட்டாள்.

"அம்மா, அது வெறும் மீனும்மா," என்று சிரித்தாள் நிமி. பிறகு குரலை இறக்கினாள். "எதுக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோயேன்."

பொறுக்க மழை விடவில்லை. மேகம் திரண்ட ஒரு காலையில் சிசிலி முழங்கால் தண்ணீரில் இறங்கி வலை வீசினாள். முதல் மீனே தாடை உப்பிய தாய். வாயைப் பார்க்கவில்லை. தூக்கி வாளியில் போட்டாள். ஆனால் தூக்கும்போதே அது பயத்தில் குஞ்சுகளைத் தண்ணீரில் உமிழ்ந்துவிட்டிருந்தது. எள்ளைக் கொட்டியதுபோல் அவை அவள் காலைச் சுற்றித் தவித்தன.

கையைக் கழுவக் குனிந்தாள். குவிந்த கையின் இருட்டைக் கண்டதும் அத்தனையும் திரும்பி, அவள் விரலிடுக்கு வழியே உள்ளே நுழைந்து ஒடுங்கிக்கொண்டன. வாளியில் தாய் துடிக்கும் சத்தம் கேட்டது. கையை மூடவா, எடுக்கவா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் உங்க அம்மா இல்ல, போங்க," என்றாள்.

ஒன்றுகூடப் போகவில்லை.