முத்தையா அணைத்த சூடம்

தேயிலைத் தோட்டத்துப் பழைய லொறியின் இன்ஜின் ஹெட்டைக் கழற்றி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பராவிலேயே வைத்துச் சரிசெய்தேன். அதை என்னோடு சுமந்து வந்தவர் பக்கத்துக் காம்பரா முத்தையா. வால்வுகளைத் தேய்த்து மாட்டும்போது, ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் நகத்தளவு இரும்புத் துண்டு ஒன்றைக் காணவில்லை. அது இல்லாமல் லொறி ஓடாது. மறுநாள் தேயிலைப் பெட்டிகள் தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போயாக வேண்டும்.

"நீதானே பக்கத்துல இருந்த? எடுத்திருந்தா குடுத்திரு" என்றேன்.

"அத வச்சு நான் என்னாண்ணே செய்ய? கொழுந்தா கிள்ளப் போறேன்?" என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. முருகன் படத்தின் முன் சூடம் கொளுத்தி, அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. லயமே வாசலில் நின்று பார்க்க, எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

அவர் நெற்றியில் பூசத் திருநீற்றுத் தட்டில் விரலை வைத்தேன். அந்த இரும்புத் துண்டு விரலில் தட்டுப்பட்டது. வேலை நல்லபடியாக முடியட்டும் என்று காலையில் சாமி முன்னால் நானே வைத்து மறந்தது.

யாருக்கும் தெரியாமல் கைக்குள் மூடிக்கொண்டேன்.

மறுநாள் லொறிச் சத்தம் கேட்டு முத்தையா ஓடிவந்தார். "கெடச்சிருச்சாண்ணே? எங்க கெடந்துச்சு?"

"வாசல்ல."

"பாத்தீங்களா, சாமி காட்டிக் குடுத்திருச்சு!" அவர் உள்ளங்கையில் கொப்புளம் பளபளத்தது.

முருகனுக்கு எல்லாம் தெரியும் என்று தினமும் கும்பிடுகிறவன் நான். அன்று முருகனுக்குப் பயப்படவில்லை, வாசலில் நின்ற ஜனங்களுக்குத்தான் பயந்தேன். இன்றும் திருநீறு எடுக்கும்போது என் விரல் கூசுகிறது.