வெங்காயத் தோலும் ஒரு சிவப்பு ரிப்பனும்

போன வெள்ளிக்கிழமை, வெங்காயத் தோல் பார்ப்பதற்காகக் கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

சிரிக்காதீர்கள். அதே வெங்காயத் தோலைப் பார்க்க டொரண்டோவிலிருந்து ஒருவன் வந்திருந்தான் – கோட், டையோடு!

அவன் ரவி. கொட்டாஞ்சேனையில் ஒரு கலவன் பாடசாலையில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். எங்களோடு படித்த வாசுகிதான் இப்போது அதே பாடசாலைக்கு அதிபர். ரவிக்கு ஓர் ஆசை. படித்த இடத்துக்கு ஒரு ஸ்மார்ட் போர்ட் கொடுக்க வேண்டும். அதற்கென்று ஏசி போட்ட தனி அறை, கண்ணாடிக் கதவு, கதவுக்குப் பக்கத்தில் தன் பெயர் பொறித்த கல்.

எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் கை தட்டும் பொம்மை போட்டோம். வாசுகி மட்டும் போடவில்லை. அன்று இரவே ரவியையும் என்னையும் வீடியோ கோலில் கூப்பிட்டாள்.

"ஸ்மார்ட் போர்ட் இப்ப வேண்டாம், ரவி. எந்த டீச்சர், எந்தப் பாடத்துக்கு, என்ன செய்யப்போறா எண்டு முதல்ல பார்ப்பம். பிறகு சாமானை வாங்குவம்."

"நான் சும்மா தாறன் எண்டுறன். நீ என்னட்டப் பிளான் கேக்கிறியா?"

"ஓம். கேக்கிறன்."

ரவிக்கு முகம் கறுத்துவிட்டது. வாங்குவதற்கு வேறு பாடசாலைகள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு கோலைக் கட் பண்ணினான்.

எனக்குப் பதைபதைத்தது. அந்தப் பாடசாலைக்கு உதவ வேறு யார் வரிசையில் நிற்கிறார்கள்? இவனும் போய்விட்டால் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்காது. உடனே வாசுகிக்குக் கோல் எடுத்தேன்.

"பிடிவாதம் பிடிக்காதேடி. வாறதை வாங்கி வை."

"வைக்கலாம். வைச்சபடியேதான் இருக்கும்" என்றாள். அவள் முன்பு படிப்பித்த இடத்தில் ஒரு ஸ்மார்ட் போர்ட் இருந்ததாம். அழகாகத் துணி தைத்து மூடி, அறையைப் பூட்டி, திறப்பை ஒஃபிஸில் வைத்திருந்தார்களாம். பழுதானால் யார் பதில் சொல்வது? அந்தப் பயத்தில் ஒரு டீச்சரும் கிட்டப் போகவில்லை. பெரியவர்கள் பார்க்க வரும் நாளில் மட்டும் துணி எடுபடும்.

நம் வீடுகளில் விருந்தாளிக்கென்று கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பை அடுக்கி வைக்கிறோமே... அதே புத்திதான்.

வாசுகி ஆசிரியர்களைக் கூப்பிட்டாள். என்ன சாமான் வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லோரும் லப்டொப் என்றிருப்பார்கள். எந்த இடத்தில் பிள்ளைகளுக்கு விளங்காமல் போகிறது என்றுதான் கேட்டாள்.

விஞ்ஞானம் படிப்பிக்கும் ரிஸ்வானா டீச்சர் சொன்னாராம்: "ஒரே ஒரு மைக்ரோஸ்கோப்தான் மேடம். பிள்ளைகள் வரிசையில நிண்டு ஒவ்வொருத்தராப் பார்க்கணும். வால்ல நிக்கிறதுகளுக்குப் பார்க்கக் கிடைக்கிறதே இல்ல. அதுக்குள்ள பெல் அடிச்சிடும்."

அவ்வளவுதான். அந்த நுணுக்குக்காட்டியில் கண் வைக்கும் இடத்தில் மாட்ட ஒரு சின்னக் கமரா, அது காட்டுவதைப் பெரிதாகப் பார்க்க ஒரு சாதாரண டீவி, டீவியை வகுப்புக்கு வகுப்பு தள்ளிப்போக சில்லு வைத்த மேசை. இவ்வளவையும் யோசித்த பிறகு முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? வகுப்புகளில் ஒழுங்கான பிளக் பொயிண்ட் போட்டது. பிறகு, பாடசாலை விட்ட பின் டீச்சர்மார் இருந்து பழகுவதற்கு நேரம் ஒதுக்கியது.

இதையெல்லாம் எழுதி ரவிக்கு அனுப்பினாள். பிறகு ஒரு வொய்ஸ் மெசேஜ்: "டீவியா? என்ர பேரை அதில எங்க ஒட்டுறது? பின்னுக்கா?"

ஆனாலும் காசை அனுப்பினான். நல்லவன்தான்... கொஞ்சம் கல்வெட்டு ஆசை, அவ்வளவே.

போன வெள்ளி, திறப்பு விழாவுக்கென்று சிவப்பு ரிப்பனும் தங்க நிறக் கத்தரிக்கோலுமாக வந்து இறங்கினான். வாசுகி தேத்தண்ணி கொடுத்தாள். "உள்ளுக்குப் பாடம் நடக்குது. இப்ப ரிப்பன் கட்ட ஏலாது. சத்தம் போடாம வாங்கோ."

தரம் எட்டு வகுப்பறை. கடைசி வரிசை வாங்கில் எங்களை இருத்தினாள். முன்னால் டீவியில் செங்கல் அடுக்கினாற்போல் கட்டம் கட்டமாக வெங்காயத் தோலின் உயிர்க்கலங்கள்.

"இதில கரு எங்க இருக்கு?" – ரிஸ்வானா டீச்சர்.

எங்கள் பக்கத்தில் இருந்த சிறுமி, பக்கத்துக் கிராண்ட்பாஸ் பகுதிப் பிள்ளை, முதல் ஆளாகக் கை தூக்கினாள். "மேல, இடப் பக்கம் டீச்சர். அந்த மண்ணிறப் பொட்டு."

ரவி எட்டிப் பார்த்தான். "எங்கம்மா?"

"அந்தா அங்கிள். கட்டத்துக்குள்ள."

பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு என் காதுக்குள் சொன்னான். "எங்கட காலத்திலயும் நான் வால்லதான் நிண்டனான். என்ர முறை வரேக்க பெல் அடிச்சிட்டுது. சோதனைக்குப் படத்தைப் பாடமாக்கிக் கீறினனான். இது இப்பிடி இருக்கும் எண்டு இண்டைக்குத்தான் பார்க்கிறன்."

நான் வாசுகியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எங்களைக் கவனிக்கவில்லை. கடைசி வாங்குப் பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. 'இவள் என்னோடு படித்தவள்' என்று, திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடமும் சொல்லிவிட்டேன்.

பெல் அடித்தது. டீவி மேசையை அடுத்த வகுப்புக்குத் தள்ள வேண்டும். வயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ரிஸ்வானா டீச்சர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு ரவியிடம் கேட்டார். "சேர், அந்த ரிப்பன் உங்களுக்குத் தேவையா?"

ரவி ஒரு நிமிடம் கையில் இருந்ததைப் பார்த்தான். நீட்டினான். டீச்சர் வயர்களைச் சேர்த்து மேசைக் காலோடு இறுக்கிக் கட்டினார். மிச்சம் தொங்கியதை ரவியே தங்க நிறக் கத்தரிக்கோலால் நறுக்கினான். பிள்ளைகள் ஏனென்று தெரியாமலே கை தட்டினார்கள்.

திறப்பு விழா இனிதே நிறைவேறியது!