இடப்பக்கத்து எதிர்வாதி

திங்கட்கிழமை காலையில் கேஸ் கட்டுகளைப் பிரிப்பதற்கு முன்னால் வக்கீல் சார் என்னை எடை போடுவார். சட்டப் புத்தக அலமாரியை ஒட்டியே எடை மெஷின் இருக்கும். "ஏறுய்யா" என்பார். முள் அறுபத்தெட்டைத் தாண்டிவிட்டால் போதும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்ப்பார். "நேத்து எந்தக் கல்யாணத்துல பூந்து வெளையாடின?" காத்திருக்கும் கட்சிக்காரர்கள், இது ஏதோ புது மாதிரி விசாரணை என்று மிரண்டுபோவார்கள்.

முப்பது வருடத்துக்கு முன் அவர் என்னைக் குமாஸ்தாவாகச் சேர்த்துக்கொண்டதே எடையைப் பார்த்துத்தான். அவர் பந்தயத்தில் ஓட்டுவது இரண்டு பேர் பாய்ப்படகு. ஒருவர் சுக்கான் பிடிக்க வேண்டும். காற்று படகைச் சாய்க்கும்போது இன்னொருவர் மறுபக்கம் வெளியே தொங்கி அதை நிமிர்த்த வேண்டும். தொங்குகிற ஆள் நான். வாரத்தில் ஐந்து நாள் கோர்ட்டில் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடப்பேன், மீதி இரண்டு நாள் அவர் பக்கத்தில் நனைவேன். வாங்குகிற திட்டு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அவர் மனைவிக்கு இதில் தனி வருத்தம் உண்டு. "பொண்ணு பாக்க வந்தவங்க, ஞாயித்துக்கிழமை சார் வீட்டுல இருப்பாரான்னு கேட்டாங்க. அன்னைக்கு முழுக்கத் தண்ணியிலதான் இருப்பாருன்னு சொல்லிட்டேன். அந்த சம்பந்தியம்மா மொகம் போன போக்கப் பாக்கணுமே!"

எல்லைத் தகராறு வழக்குகளில் சாரை மிஞ்ச ஆள் கிடையாது. குரலை உயர்த்தவே மாட்டார். "அப்படிங்களா? அப்புறம்?" என்று கேட்டுக் கேட்டே சாட்சியை அவன் சொந்த வேலிக்கு வெளியே நிறுத்திவிடுவார். பந்தயத்தில் யாராவது விதி மீறியதாகப் புகார் வந்தால் படகு கிளப்பில் விசாரணை நடக்கும். அதிலும் அவர் தோற்றதில்லை. தண்ணீரில் நாலாவதாக வந்து கரையில் முதலாவதான கோப்பைகள்கூட அவரிடம் இருக்கின்றன. அவற்றைத் துடைத்து வைப்பதும் என் வேலைதான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய இடது கண் போயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. விழி நன்றாகவே இருக்கும், பார்வைதான் இல்லை. சுக்கான் பிடிப்பவருக்கு இரண்டு கண்ணும் தெரிய வேண்டும் என்பது கிளப் விதி. "யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார். அன்றிலிருந்து அவருடைய இடது கண் நான். மற்ற படகுக்காரர்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று கோர்ட்டு வார்த்தைகளில் சங்கேதம் வைத்துக்கொண்டோம். இடப்பக்கம் படகு வந்தால் "எதிர்வாதி" என்பேன். நேரே போகலாம் என்றால் "ஆஜர்". இடப்பக்கம் காலி, திருப்பலாம் என்றால் "வாய்தா". எழுபது வயதுக்காரரும் ஐம்பத்தைந்து வயதுக்காரனும் போட்ட இந்த நாடகம் எங்கள் இரண்டு பேரையும் தின்றது. ஞாயிறு சாயங்காலம் கரையேறும்போது எனக்கு உடம்பைவிட மனசு அலுத்திருக்கும். இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேட்க வாய் வராது.

போன மாதப் பந்தயத்தில் முக்கால் மணி நேரம் காற்றே இல்லாமல் வெயிலில் கிடந்தோம். பிறகு காற்று எழுந்து படகு ஓடத் தொடங்கியும் என் மூளை விழித்துக்கொள்ளவில்லை. "சார், நாளைக்கு அந்தச் சுவர் கேஸ் வாய்தா" என்றேன். அவர் காதில் கடைசி வார்த்தைதான் விழுந்திருக்க வேண்டும். பழக்கத்தில் முகத்தை இடப்பக்கம் லேசாகத் திருப்பி, சுக்கானையும் திருப்பிவிட்டார். அங்கே ஒரு கல்லூரிப் பெண் தனியாள் படகில் வந்துகொண்டிருந்தாள். மோதியதில் அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் எலும்பு முறிந்தது.

அவள் புகார் கொடுத்தாள். மோதலுக்கு அவளே காரணம் என்று முடிவானால் மாநிலப் படகு அணித் தேர்விலிருந்து அவள் பெயர் போய்விடும். கண் விஷயம் வெளியே வந்தால் சாருக்கு இந்த ஜென்மத்தில் சுக்கான் இல்லை.

"தப்பு என்னோடது சார். நான் சொல்லிடறேன்" என்றேன்.

"வாய்தான்னு சொன்னா ஏன்யா படகத் திருப்பறார்னு கேப்பாங்க. சுத்திச் சுத்திக் கண்ணுல வந்து நிக்கும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. மோதற மாதிரி வந்தா சத்தம் குடுக்கணும்ங்கறது விதி, அந்தப் பொண்ணு குடுக்கல. அதுதான் நம்ம கேஸ்." சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவரை அவ்வளவு களைப்பாக நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகையாக வந்தது.

விசாரணைக்கு மூன்று நடுவர்கள். அந்தப் பெண் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஏம்மா சத்தம் போடல?" என்று சார் நயமாக ஆரம்பித்தார்.

"எதுக்கு சார் போடணும்? திரும்பறதுக்கு முன்னாடி நீங்கதான் என்னப் பாத்தீங்களே. நேரா மொகத்தப் பாத்தீங்க. பாத்துட்டாரு, மோதமாட்டாருன்னு நம்பி இருந்துட்டேன்."

சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, தப்பு என்..." என்று எழுந்தேன். அவர் திரும்பாமலே என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

மோதலின்போது யார் எங்கே இருந்தார்கள் என்று காட்டச் சொன்னார் மூத்த நடுவர். அதற்கென்று மேஜையில் விரல் நீளத்துக்கு இரண்டு மரப்படகுகள் வைத்திருந்தார்கள். சார் தன் படகை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தார். இன்னொன்றை எடுத்தவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எங்கே வைத்தாலும் அதுதான் சரி என்று மூன்று பேரையும் நம்பவைக்கத் தெரிந்தவர். பிறகு மெதுவாக மேஜையைச் சுற்றிக்கொண்டு அவளிடம் போனார்.

"எனக்கு இந்தக் கண்ணு தெரியாதும்மா. ரெண்டு வருஷமாச்சு. நீ எங்க இருந்தன்னு நான் பாக்கவே இல்ல. நீயே வச்சுடு" என்று, கட்டில்லாத அவளது இடது கையைத் தேடி, அந்தப் படகை அதில் வைத்தார்.